கார்ல எங்க உட்கார்ந்திருந்தீங்க?

கார் விபத்தில் அடிபட்டு வருகிறவரிடம் பெயர், ஊர் கேட்பதற்கு முன்பே நான் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "கார்ல எங்க உட்கார்ந்திருந்தீங்க?" அடுத்த கேள்வி, "பெல்ட் போட்டிருந்தீங்களா?" ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டிய அரசு மருத்துவமனைகளில் எலும்பு முறிவு மருத்துவராக முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தேன். என்னிடம் பயிற்சிக்கு வந்த இளம் மருத்துவர்கள் எல்லாரும் இந்த இரண்டு கேள்விகளையும் முதல் வாரத்திலேயே கற்றுக்கொண்டார்கள். அடிபட்டவர் மயக்கத்தில் இருந்தால், கூட வந்தவரிடம் கேட்பார்கள். யாரும் வரவில்லை என்றால் தூக்கி வந்தவரிடம், "இவரை எந்தக் கதவு வழியா வெளிய எடுத்தீங்க?" என்று கேட்பார்கள்.

எக்ஸ்ரே வருவதற்குள் அந்தப் பதிலே பாதியைச் சொல்லிவிடும். ஓட்டியவர் என்றால் ஸ்டீயரிங் நெஞ்சில் இடித்திருக்கும். அவருக்கு இடது பக்கம் இருந்தவருக்கு முழங்காலையும் இடுப்பையும் பார்க்க வேண்டும். இடது கதவில் வேறொரு வண்டி மோதியிருந்தால் அந்தக் கதவோரம் இருந்தவரின் மண்ணீரலையும், வலது கதவு என்றால் கல்லீரலையும் சந்தேகப்பட வேண்டும். இரண்டு பக்கத்துக்கும் இடுப்பெலும்பு பொது. பின்னால் உட்கார்ந்தவருக்கு எங்கே அடி என்பதைத்தான் முன்கூட்டிச் சொல்லவே முடியாது. பெல்ட் இல்லாத உடம்பு காருக்குள் எங்கே போய் விழுந்தது என்பதைப் பொறுத்தது அது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எங்களிடம் வந்த கார்களில் பெரும்பாலானவை வாடகை அம்பாசிடர்கள். முன் இருக்கை ஒரே பெஞ்சு. ஓட்டுநருக்குப் பக்கத்தில் இரண்டு பேர், பின்னால் நான்கைந்து பேர், மடியில் குழந்தைகள். கல்யாணத்துக்கோ காது குத்துக்கோ போகிற மொத்தக் குடும்பமும் ஒரே வண்டியில் அடங்கியிருக்கும். பெல்ட் என்ற பேச்சே கிடையாது. முன் இருக்கைகளுக்குப் பெல்ட் வைத்துத்தான் புதிய கார் விற்க வேண்டும் என்ற விதி 1994-இல்தான் நடைமுறைக்கு வந்தது. அந்தக் காலத்துக் கண்ணாடி அரிசி அரிசியாக உடைந்து முன்னால் இருந்தவர் முகமெல்லாம் பதிந்திருக்கும். இரவு ட்யூட்டியில் ஒரு சிஸ்டர் லைட்டைப் பிடிக்க, நெற்றியிலிருந்தும் புருவத்திலிருந்தும் கண்ணாடித் துகளைப் பொறுக்கிக் கிண்ணத்தில் போட்டுக்கொண்டே இருப்போம்.

அந்த முன் இருக்கைக்காரர்கள்தான் எனக்கு இடுப்பு மூட்டைக் கற்றுக்கொடுத்தார்கள். வண்டி எதிலாவது மோதி நிற்கிறது. உட்கார்ந்திருந்தவர் நிற்பதில்லை, முன்னே போகிறார். முழங்கால் டேஷ்போர்டில் இடிக்கிறது. அந்த அடி தொடையெலும்பு வழியாக ஏறி, இடுப்பு மூட்டின் பந்தைக் கிண்ணத்திலிருந்து பின்பக்கமாக வெளியே தள்ளிவிடுகிறது. அப்படி வருகிறவரை வாசலில் பார்க்கும்போதே தெரிந்துவிடும். கால் குட்டையாகி, முழங்கால் மடிந்து, அடுத்த காலை நோக்கி உள்பக்கமாகத் திரும்பியிருக்கும். நீட்டச் சொன்னால் அலறுவார். மயக்கம் கொடுத்து அதை ஆறு மணி நேரத்துக்குள் உள்ளே தள்ளிவிட வேண்டும். தாமதித்தால் பந்துக்குப் போகிற ரத்த ஓட்டம் கெட்டு, ஓரிரு ஆண்டுகளில் பந்தே நைந்துபோய்விடும். மூட்டுக்குப் பின்னால் ஓடும் பெரிய நரம்பும் நசுங்கினால் பாதம் தொங்கிப்போகும்.

செஞ்சிப் பக்கத்திலிருந்து ஒரு பள்ளி ஆசிரியரைக் கொண்டுவந்தார்கள். தொடையெலும்பு நடுவில் முறிந்திருந்தது. முதலில் பார்த்த இடத்தில் தொடையை மட்டும் படம் எடுத்து, பலகை கட்டி, அடுத்த நாள் அனுப்பியிருந்தார்கள். தொடை முறிந்துவிட்டால் இடுப்பு நழுவியதற்கான அந்தத் தோரணை மறைந்துவிடும், கால் துவண்டு கிடக்கும். நாங்கள் இடுப்பையும் சேர்த்துப் படம் எடுத்தபோது பந்து வெளியே இருந்தது. ஒரு நாள் போய்விட்டது. அவர் நடந்தார், ஆனால் தரையில் சப்பணமிட்டு உட்காரவே அவரால் பிறகு முடியவில்லை. அதற்குப் பிறகு எங்கள் யூனிட்டில், டேஷ்போர்டில் இடித்த முழங்கால் என்று கேள்விப்பட்டாலே இடுப்பைப் படம் எடுக்காமல் யாரும் கட்டுப் போட்டதில்லை. முழங்காலில் ஒரு சிராய்ப்பு இருந்தாலே போதும், மேலே பார்.

2010 வாக்கில் திண்டிவனத்திலிருந்து திருச்சி வரை நான்குவழிச் சாலை முடிந்தது. எங்கள் கேஷுவாலிட்டிக்கு வரும் காயங்களின் முகமே மாறிப்போனது. பழைய இருவழிச் சாலையில் முந்தப் போய் எதிரே வரும் பஸ்ஸோடு நேருக்கு நேர் மோதுவார்கள். அந்த மோதல்கள் குறைந்தன. அதற்குப் பதிலாக, ஓரத்தில் விளக்கில்லாமல் நிற்கும் லாரியின் பின்பக்கம் கார் நுழைவது, தூக்கத்தில் சென்டர் மீடியனில் ஏறிப் புரள்வது என்று வரத் தொடங்கியது. நேரமும் மாறியது. விடியற்காலை மூன்றிலிருந்து ஐந்து வரை எங்கள் போன் அதிகம் அடித்தது. "நைட்டோட நைட்டா கிளம்பிட்டா காலையில மதுரை போயிடலாம்" என்று புறப்பட்டவர்கள், நாள் முழுக்க ஆபீசில் வேலை பார்த்துவிட்டு ஸ்டீயரிங்கைப் பிடித்தவர்கள்.

நின்ற லாரியில் மோதும் விபத்துகளில் ஒன்றைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். லாரி சாலையின் இடது ஓரத்தில் நிற்கிறது. கடைசி நொடியில் விழித்த ஓட்டுநர் வலது பக்கம் ஒடிக்கிறார். எந்த மனிதனின் கையும் அப்படித்தான் செய்யும். காரின் வலது பாதி தப்பிக்கிறது, இடது பாதி லாரிக்கு அடியில் போகிறது. ஓட்டியவர் கையில் ஒரு முறிவோடு நடந்து வருவார். இடது பக்கம் முன்னால் தூங்கிக்கொண்டிருந்த மனைவியோ அண்ணனோ ஸ்ட்ரெச்சரில் வருவார்கள். தலை, முகம், கழுத்து. எலும்பு மருத்துவனுக்கு அங்கே செய்ய அதிகம் இருக்காது. இரவில் ஓட்டுகிறவர் பக்கத்தில் உட்காருபவர் தூங்கக் கூடாது என்று நம் வீடுகளில் பெரியவர்கள் சொல்வதுண்டு. ஓட்டுநரை விழித்திருக்க வைக்கத்தான் அதைச் சொன்னார்கள். அந்த இருக்கைக்கு இருக்கும் ஆபத்தை நினைத்தால், உட்காருபவர் தன்னைக் காத்துக்கொள்ளவும் அது வேண்டும்.

இனி பின் இருக்கை. நான் எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

நம் குடும்பங்களில் யாரை மிகவும் பத்திரமாகக் கொண்டுபோக வேண்டும் என்று நினைக்கிறோமோ அவரைப் பின்னால் உட்கார வைக்கிறோம். பாட்டி, கர்ப்பிணி மகள், பச்சைக் குழந்தை. முன்னால் இருப்பவர் போலீசுக்காகப் பெல்ட் போடுகிறார். பின்னால் போடுவதில்லை. பின் இருக்கைக்கும் பெல்ட் கட்டாயம் என்பது சட்டத்தில் பல ஆண்டுகளாக இருக்கிறது. ஆனாலும் என்னிடம் வந்தவர்களில் பின்னால் உட்கார்ந்து பெல்ட் போட்டிருந்தவரைக் கண்டது மிக மிக அபூர்வம்.

ஒரு ஆடி மாதம், திருவண்ணாமலை போய்விட்டுத் திரும்பிய ஒரு குடும்பம். இன்னோவா கார், மகன் ஓட்டினார், அருகில் மருமகள், இருவருக்கும் பெல்ட். நடு இருக்கையில் மருமகளுக்கு நேர் பின்னால் அம்மா. சாலைக்குக் குறுக்கே வந்த மாட்டுக்காகப் பிரேக் போட்டு, பாலத்துக் கைப்பிடிச் சுவரில் மோதியிருந்தது. மகனுக்குத் தோளில் பெல்ட் தடம், அவ்வளவுதான். அம்மாவுக்கு இரண்டு தொடையும் முறிவு, நெஞ்செலும்பு முறிவு. எனக்குக் குழப்பமாக இருந்தது மருமகள்தான். பெல்ட் போட்டிருக்கிறார், ஏர்பேக் விரிந்திருக்கிறது, முன்பக்கம் ஒரு கீறல் இல்லை. ஆனால் முதுகெலும்பு நசுங்கியிருந்தது, பின்பக்க விலா எலும்புகள் வரிசையாக முறிந்திருந்தன. முன்னே பாய்ந்த மாமியாரின் உடம்பு இருக்கையோடு சேர்த்து அவரை ஏர்பேக்குக்கும் தனக்கும் நடுவில் அழுத்தியிருந்தது. "பின்னாடி உட்கார்ந்தா சேஃப்னுதானே சார் அம்மாவைப் பின்னாடி வச்சேன்" என்று அந்த மகன் கேட்டார். இரண்டு பெண்களும் பிழைத்தார்கள். மருமகள் மாதக்கணக்கில் இடுப்புப் பட்டையோடு இருந்தார்.

பெல்ட் போடாமல் பின்னால் இருப்பவர், பெல்ட் போட்டு முன்னால் இருப்பவரையும் கொல்லக்கூடும். இதை நான் எவ்வளவு சொன்னாலும், 'என் உயிர், என் இஷ்டம்' என்று நினைப்பவர்களுக்கு அது உறைப்பதில்லை. 50 கிலோமீட்டர் வேகத்தில் சுவரில் மோதுவதும் மூன்றாவது மாடியிலிருந்து தரையில் விழுவதும் உடம்புக்கு ஒன்றுதான். 80 என்றால் ஏறக்குறைய எட்டாவது மாடி. 50 கிலோமீட்டர் வேக மோதலில் பத்துக் கிலோ குழந்தை நூறு கிலோவுக்கு மேல் கனக்கும். எந்தத் தாயின் கையாலும் அதைப் பிடித்து நிறுத்த முடியாது. "கெட்டியாத்தான் சார் பிடிச்சிருந்தேன்" என்று அழுத தாய்மார்களிடம் நான் சொன்னது ஒன்றுதான்: உங்கள் பிடியில் குறை இல்லை அம்மா, அதை யாராலும் பிடிக்க முடியாது. இதைச் சொல்ல வேண்டிய நேரம் விபத்துக்கு முன்னால். 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம், பெல்ட் போடாதவரை ஏற்றிச் சென்றாலும், 14 வயதுக்கு உட்பட்ட குழந்தையைப் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் கொண்டு சென்றாலும் ஆயிரம் ரூபாய் அபராதம் என்கிறது. குழந்தை இருக்கையை வாங்க வசதியுள்ள வீடுகளிலும் அது இல்லை. முதல் பிறந்தநாள் மண்டபத்துக்குச் செலவழிப்பதில் ஒரு சிறு பங்கு போதும்.

2014 ஜூனில் மத்திய அமைச்சர் கோபிநாத் முண்டே டெல்லியில், நகரத்துச் சிக்னல் அருகே, பின் இருக்கையில் உட்கார்ந்திருந்தபோது பக்கத்திலிருந்து இன்னொரு கார் மோதி இறந்தார். அவர் பெல்ட் போட்டிருக்கவில்லை. நெடுஞ்சாலை வேகம்கூட இல்லை. 2022 செப்டம்பரில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி மும்பைக்கு அருகே பால்கரில், மிகப் பாதுகாப்பானது என்று பெயர் வாங்கிய ஒரு மெர்சிடிஸ் காரின் பின் இருக்கையில் இறந்தார். அவரோடு பின்னால் இருந்தவரும் இறந்தார். இருவருக்கும் பெல்ட் இல்லை. முன்னால் இருந்த இருவரும் படுகாயத்தோடு பிழைத்தார்கள். அந்த வாரம் எங்கள் மருத்துவமனை கேன்டீனில்கூட இதே பேச்சு. ஒரு மாதத்தில் அடங்கிவிட்டது.

பெல்ட்டும் காயம் உண்டாக்கும் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஒரு கல்லூரி மாணவி, தோள் பட்டை கழுத்தில் உறுத்துகிறது என்று கையிடுக்கின் கீழே விட்டுக்கொண்டு, இடுப்புப் பட்டையை வயிற்றுக்கு மேலே போட்டிருந்தாள். மோதியபின் நன்றாகப் பேசினாள், தண்ணீர் கேட்டாள். தொப்புளுக்குக் குறுக்கே சிவந்த பட்டையாக ஒரு தடம். அந்தத் தடத்தைப் பார்த்தால் வீட்டுக்கு அனுப்பக் கூடாது. மறுநாள் வயிறு விறைத்தது, அறுவை செய்தபோது குடலில் கிழிசல். முதுகெலும்பிலும் குறுக்காக ஒரு பிளவு இருந்தது. அவளுடைய தந்தை, "பெல்ட் போட்டதாலதானே டாக்டர் இப்படி ஆச்சு?" என்றார். "போடாமல் இருந்திருந்தால் நீங்களும் நானும் இப்போது பேசிக்கொண்டிருக்க மாட்டோம். போட்ட இடம்தான் தப்பு" என்றேன். இடுப்புப் பட்டை தொடை மடிப்புக்கு மேலே, இடுப்பெலும்பில் படிய வேண்டும். மேல் பட்டை தோள்பட்டை நடுவிலிருந்து நெஞ்சின் குறுக்கே வர வேண்டும். கர்ப்பிணி என்றால் கீழ்ப் பட்டை வயிற்றுக்கு அடியில். சாய்ந்து படுத்துக்கொண்டு பெல்ட் போட்டால் உடம்பு அதன் கீழே வழுக்கிப் போய்விடும். டேஷ்போர்டின் மேல் காலை நீட்டிக்கொண்டு போகிறவர்களை இப்போது நிறையப் பார்க்கிறேன். கண் இமைப்பதைவிட வேகமாக விரியும் ஏர்பேக் அந்தக் கால்களை முகத்தை நோக்கி மடிக்கும். ஏர்பேக் செய்யப்பட்டதே பெல்ட் போட்டவருக்காகத்தான்.

பெல்ட் போடாவிட்டால் காரில் மணி அடிக்கும். அதை அடக்குவதற்கு வெறும் கொக்கி ஒன்றை விற்கிறார்கள். 2023-இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஐந்து இணைய வணிக நிறுவனங்களை அதை நீக்கச் சொல்லி உத்தரவிட்டது. கார் அலங்காரக் கடைகளில் அதன் பிறகும் நான் பார்த்திருக்கிறேன். காசு கொடுத்து வாங்கிய பாதுகாப்பை இன்னொரு காசு கொடுத்து அணைப்பதை என்னால் பொறுத்துக்கொள்ள முடிந்ததே இல்லை.

சிகிச்சை பக்கம் நான் கண்ட மாற்றங்கள் நல்லவை. என் ஆரம்ப காலத்தில் அடிபட்டவரை நாலு பேர் கையும் காலுமாகத் தூக்கி, டெம்போவில் மடக்கிப் போட்டுக் கொண்டுவருவார்கள். கழுத்தெலும்பு முறிந்தவருக்கு அந்தப் பயணமே போதும், கையும் காலும் வராமல் போக. 2008-இல் 108 ஆம்புலன்ஸ் வந்தது. கழுத்துப் பட்டை போட்டு, பலகையில் கட்டி, ஊசி ஏற்றிக் கொண்டுவந்தார்கள். தமிழ்நாடு விபத்து மற்றும் அவசர சிகிச்சைத் திட்டம் வந்தபின் வாசலிலேயே சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரிக்கத் தொடங்கினோம். அதற்கு முன் யார் அதிகம் கத்துகிறாரோ அவரிடம்தான் எல்லாரும் ஓடுவார்கள். ஒரே காரில் ஆறு பேர் வந்தால், கையொடிந்தவர் கத்துவார். வயிற்றுக்குள் ரத்தம் கசிகிறவர் மூலையில் வியர்த்துப்போய், "எனக்கு ஒண்ணும் இல்ல, அவளை முதல்ல பாருங்க" என்பார். மண்ணீரல் கிழிந்த அப்படி ஒருவரை எங்கள் ஸ்டாஃப் நர்ஸ் ஒருவர்தான் நாடியைப் பிடித்துப் பார்த்துக் கண்டுபிடித்தார். "சார், இவர் கை சில்லுனு இருக்கு" என்றார். அந்த ஒரு வார்த்தையில் அவர் பிழைத்தார்.

2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம், முதல் 48 மணி நேரச் செலவை அரசே ஏற்கும் என்றது. எந்த மாநிலத்துக்காரர் என்று பார்க்காது. அதற்கு முன், அருகிலிருந்த தனியார் மருத்துவமனையில் முன்பணம் கட்ட முடியாமல் எங்களிடம் வருவதற்குள் உயிர் போனவர்களை எனக்குத் தெரியும். உதவி செய்தவரைப் போலீசோ மருத்துவமனையோ அலைக்கழிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2016-இல் சொன்னது, 2019 திருத்தத்தில் அது சட்டமாகவும் ஆகிவிட்டது. இருந்தும் இன்னமும் சிலர் பயந்துகொண்டு வாசலிலேயே இறக்கிவிட்டுப் போகிறார்கள். பயப்பட வேண்டாம், உங்கள் பெயரைச் சொல்லக்கூட அவசியமில்லை.

காயம் ஆறியபின் நீதிமன்றம் இருக்கிறது. விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயங்களில் ஊனச் சதவீதம் சொல்லச் சாட்சிக் கூண்டில் நின்றிருக்கிறேன். அங்கே பயணிகள் தோற்றுப்போவதற்கு நான் கண்ட காரணம் இன்சூரன்ஸ்தான். சொந்தக்காரர் காரில் ஓசியில் போகிறார்கள், அவர் ஓட்டிய தவறில் விபத்து. காருக்கு வெறும் மூன்றாம் நபர் பாலிசி மட்டும் எடுத்திருந்தால், உள்ளே உட்கார்ந்தவருக்கு இன்சூரன்ஸ் நிறுவனம் கொடுக்க வேண்டியதில்லை. முழு பாலிசி என்றால் கொடுத்தாக வேண்டும். ஒரு முதியவர் என் முன்னால், "மருமகப்பிள்ளை மேல நான் எப்படிங்க கேஸ் போடறது?" என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டார். செயற்கை மூட்டு வைக்கப் பணம் இல்லாமல் கோலூன்றிக்கொண்டே இருந்தார். குடும்பத்தை ஏற்றிப் போகிற காருக்கு முழு பாலிசி எடுங்கள். கேஷுவாலிட்டியில் ஏ.ஆர். என்கிற விபத்துப் பதிவேடு போடும்போது எந்த இருக்கை, பெல்ட் உண்டா இல்லையா என்று எழுதச் சொல்லுங்கள். பிறகு யாருக்கும் நினைவிருக்காது.

ஓய்வு பெற்றபின் உறவினர் கார்களில் ஏறும்போது பின் இருக்கையில் பெல்ட் தேடுகிறேன். பட்டை தொங்கும், ஆனால் அதை மாட்டுகிற கொக்கிக் குழி கிடைக்காது. புதிதாகத் தைத்துப் போட்ட இருக்கை உறைக்குள் அது புதைந்து கிடக்கும். வாங்கிய நாளிலிருந்தே அப்படித்தான். இதைப் படித்து முடித்ததும் கீழே போய் உங்கள் காரின் பின் இருக்கை உறையைத் தூக்கிப் பாருங்கள். கொக்கிகளை வெளியே எடுத்து, அந்த இடத்தில் உறையைக் கத்தரித்துவிடுங்கள். அடுத்த முறை அம்மா ஏறியதும் நீங்களே மாட்டிவிட்டு, அதன்பிறகு வண்டியை எடுங்கள்.